ஜீப்பில் அசல் எது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜீப்பின் முகப்பில் நெட்டுக்குத்தாக ஒன்பது துளைகள் இருக்கும். போர் முடிந்து பொதுஜனங்களுக்கு விற்பனைக்கு வந்த ஜீப்பில் ஏழு. நம் பக்கத்தில் தாசில்தாரும் பி.டி.ஓ.வும் மலேரியா ஒழிப்புக்காரர்களும் வந்து இறங்கிய ஜீப்பிலும் ஏழுதான். ஏழு கண்டங்களிலும் ஓடிய வண்டி, அதனால் ஏழு துளை என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது வேறு. பொதுஜன வண்டிக்கு முன்விளக்குகளைப் பெரிதாக வைத்தார்கள். இடம் போதவில்லை. இரண்டு துளை போயிற்று.

இந்த வயதில் துளைக் கணக்கில் ஏன் இறங்கினேன் என்று கேட்பீர்கள். 2021ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. இதைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஜீப்தான். அந்த வண்டியில் அசல் என்று எதைக் காட்டுவது?

பிறப்பிலிருந்தே பார்ப்போம். 1940ல் பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்த சமயம். போர் தங்கள் வாசலுக்கும் வரும் என்று அமெரிக்க ராணுவத்துக்குத் தெரிந்துவிட்டது. முன்னால் போய் வேவு பார்க்க மோட்டார் சைக்கிள் போதாது, நாலு சக்கரமும் இழுக்கிற குட்டி வண்டி ஒன்று வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். முதல் வண்டியை 49 நாளில் கொடுக்க வேண்டும். எடை 1,300 பவுண்டைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் சுமார் 590 கிலோ. பெரிய கம்பெனிகள் பதிலே போடவில்லை. வந்த பதில் இரண்டு. அதில் 49 நாளில் முடியும் என்று ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற ஊரில் நொடித்துப்போய்க் கிடந்த அமெரிக்கன் பாண்டம் என்ற சின்னக் கார் கம்பெனி அது.

வேலையை எடுத்துக்கொண்டு செய்ய எஞ்சினியர் கூட அவர்களிடம் இல்லை. டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் புரோப்ஸ்ட் என்பவரை வரவழைத்தார்கள். வந்து உட்கார்ந்தவர் இரண்டு நாளில் வண்டியைக் காகிதத்தில் போட்டுவிட்டார். 1,300 பவுண்டில் அது நிற்காது என்று போடும்போதே தெரியும். இருந்தாலும் டெண்டர் படிவத்தில் அந்த எடைக்குள் வரும் என்றே எழுதிக் கொடுத்தார்கள். (டெண்டர் படிவங்களோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.) இன்ஜின் கான்டினென்டல் கம்பெனியுடையது, ஆக்சில் ஸ்பைசர் கம்பெனியுடையது. கிடைத்ததை எல்லாம் சேர்த்துக் கட்டினார்கள். செப்டம்பர் 23, மாலை 5 மணி கெடு. மேரிலாண்டில் ஹோலபேர்ட் ராணுவ முகாமுக்குள் வண்டி நுழைந்தபோது மணி நாலரை.

வண்டி ராணுவத்துக்குப் பிடித்துவிட்டது. ஆனால் இத்தனை சின்னக் கம்பெனியால் வேண்டிய எண்ணிக்கையில் செய்ய முடியுமா என்று சந்தேகம். பாண்டத்தின் வரைபடங்களை வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிக்கும் ராணுவமே கொடுத்தது. வில்லிஸில் பார்னி ரூஸ் என்ற எஞ்சினியர் இருந்தார். அவர் பாடுபட்டுத் தேற்றிய 60 குதிரைசக்தி இன்ஜின்தான் மற்ற இரண்டையும் தோற்கடித்தது. எடை வரம்பை ராணுவம் பிறகு 2,160 பவுண்டுக்குத் தளர்த்தியது. அதற்குள் வண்டியைக் கொண்டுவர ரூஸ் ஆணி, நட்டு, பெயின்ட் வரை குறைத்தார் என்பார்கள். பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போயிற்று. அதுவும் போதாமல் வில்லிஸ் மாதிரியையே ஃபோர்டும் செய்ய வேண்டும் என்று உத்தரவானது. வில்லிஸ் தன் வண்டியின் முகப்பை இரும்புப் பட்டைகளை வைத்து வெல்டிங் செய்து கொண்டிருந்தது. ஃபோர்டோ ஒரே தகட்டை அச்சில் அழுத்தி ஒன்பது துளை போட்டது. மலிவு, எடையும் குறைவு. வில்லிஸும் அதையே எடுத்துக்கொண்டது.

ஆக, உடம்பு பாண்டம் போட்டது, உயிர் வில்லிஸ் கொடுத்தது, முகம் ஃபோர்டுடையது. போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. பெற்ற தாயான பாண்டம் 2,700 வண்டிகூடச் செய்யவில்லை. ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் செய்யும் வேலை அதற்குக் கிடைத்தது. அப்புறம் அது கார் செய்யவே இல்லை. ஜீப்பை உருவாக்கியதே நாங்கள்தான் என்று வில்லிஸ் போர்க்காலத்தில் விளம்பரம் செய்தது. அது சரியல்ல, நிறுத்து என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 1948ல் உத்தரவு போட்டது. ஆனாலும் 1950ல் 'ஜீப்' என்ற பெயர் வில்லிஸ் பெயரில்தான் பதிவாயிற்று. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தானே நிலம்!

இந்த வண்டியைப் புதுப்பிக்கும் அமெரிக்கர்களின் வீடியோக்களை என் பேரன் காட்டினான். பார்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. ஏதோ பண்ணையில் வைக்கோல் கொட்டகைக்குள் துருப்பிடித்துக் கிடந்ததை இழுத்து வருகிறார்கள். ஒவ்வொரு நட்டாகக் கழற்றுகிறார்கள். ஃபோர்டு செய்த ஜீப் என்றால் போல்ட்டின் தலையில்கூட 'எஃப்' என்ற எழுத்து குத்தியிருக்கும். தன் சாமானையும் வில்லிஸ் சாமானையும் பிரித்தறிய ஃபோர்டு செய்த ஏற்பாடு அது. அந்த எழுத்துள்ள போல்ட்டுகளைத் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள். ஆரம்ப கால வண்டிகளின் பின்பக்கத் தகட்டில் கம்பெனி பெயர் பெரிதாக இருந்தது. 1942ல் ராணுவம் அதை எடுக்கச் சொல்லிவிட்டது. ஆகவே எந்த மாதம் செய்த வண்டிக்குப் பெயர் இருக்கலாம், எதற்கு இருக்கக் கூடாது என்று தர்க்கம். 1976ல் தொடங்கிய ராணுவ வாகனப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் கண்காட்சிகளில் நடுவர்கள் வண்டிக்கு அடியில் படுத்து எட்டிப் பார்த்து மார்க் போடுகிறார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

இன்னொரு கூட்டமும் அங்கே இருக்கிறது. வெளியே பழைய ஜீப், பழைய ஃபோர்டு பிராங்கோ, போர்க்காலத்து லாரியிலிருந்து பிறந்த டாட்ஜ் பவர் வேகன். உள்ளே புத்தம் புது இன்ஜின், டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங், ஏ.சி. இப்படிச் செய்த பழைய பிராங்கோ ஒரு லட்சம் டாலருக்கு மேலும் விலை போகிறது. முதல் கூட்டத்துக்கு இரண்டாம் கூட்டத்தைக் கண்டால் ஆகாது. சைவ உணவுக்காரர் பந்தியில் கருவாட்டைக் கண்ட மாதிரி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் பிலிப்பைன்ஸ் சம்பந்தப்பட்டது. போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் அங்கே ஏராளமான ஜீப்புகளை விட்டுவிட்டுப் போனது. பஸ்ஸும் டிராமும் நாசமாகிக் கிடந்த மணிலாவில் மக்கள் அவற்றை எடுத்து, பின்பக்கத்தை நீட்டி, கூரை போட்டு, இரண்டு பக்கமும் பெஞ்சு வைத்து ஆள் ஏற்றினார்கள். 'ஜீப்னி' என்று பெயர் வந்தது. லியோனார்டோ சராவ் என்ற குதிரை வண்டிக்காரர் 1953ல் ஒரு பட்டறை தொடங்கி இதையே பெரும் தொழிலாக்கினார். முகப்பில் வெள்ளிக் குதிரை பொம்மைகள், உடம்பெல்லாம் வண்ணம், சாமி படம், பிள்ளைகள் பெயர். அமெரிக்க ஜீப்பின் அடையாளம் முகத்தில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. உள்ளே ஜப்பானியப் பழைய டீசல் இன்ஜின். இப்படி ஜீப்பைப் பிரித்துப் பிரித்துக் கட்டிப் பழகிய அதே நாட்டில், எம்.டி. ஹுவான் என்ற கம்பெனி போர்க்கால ஜீப்பின் பாடியை அச்சு அசலாகச் செய்கிறது. அமெரிக்காவில் துருப்பிடித்த ஜீப்பை 'அசல்' ஆக்குகிறவர்கள் பலர் அந்தப் பாடியைத்தான் வரவழைத்து மாட்டுகிறார்கள்! நடுவர் படுத்து எட்டிப் பார்க்கும் தகடு அங்கிருந்து கப்பலில் வந்ததாகவும் இருக்கலாம்.

நம் நாட்டுக்கும் இந்தப் புதுப்பித்த ஜீப்புகளுக்கும் ஒரு கசப்பான தொடர்பு உண்டு. என் வயதுக்காரர்களுக்கு 'ஜீப் ஊழல்' என்ற சொல் ஞாபகம் இருக்கும். சுதந்திரம் வந்த கையோடு காஷ்மீரில் சண்டை. மலைப்பாதையில் ஓட ராணுவத்துக்கு ஜீப் அவசரமாக வேண்டும். புது வண்டி வாங்க நாளாகும். 1948ல் லண்டனில் நம் ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், பழுது நீக்கிய பழைய ராணுவ ஜீப்புகளுக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். சுமார் 80 லட்சம் ரூபாய் விவகாரம். பணத்தில் பெரும்பகுதி முன்கூட்டியே போய்விட்டது. வந்து இறங்கியவை 155 ஜீப்புகள். ஓட்டுவதற்கு லாயக்கில்லை. பாராளுமன்றத்தில் பெரிய அமளி. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் விசாரணைக் குழுவெல்லாம் போட்டார்கள். 1955 செப்டம்பர் 30ஆம் தேதி, அரசாங்கத்தைப் பொறுத்தவரை இந்த விஷயம் முடிந்தது என்று கோவிந்த வல்லப பந்த் அறிவித்தார். அடுத்த பிப்ரவரியில் மேனன் இலாகா இல்லாத மந்திரியானார். அவர் தரப்பில் நியாயம் சொல்கிறவர்களும் உண்டு. அவசர காலம், கிடைத்த இடத்தில் வாங்க வேண்டியிருந்தது என்பார்கள். ஆனால் பெயின்ட் அடித்ததெல்லாம் புதுப்பித்தது ஆகாது என்று அன்றே நாடு பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

நல்ல வழியில் ஜீப் வந்த கதை பம்பாயில் நடந்தது. 1945ல் மஹிந்திரா அண்டு முகமது என்று இரும்பு வியாபாரக் கம்பெனி ஒன்று தொடங்கியது. கே.சி. மஹிந்திரா, ஜே.சி. மஹிந்திரா என்ற சகோதரர்கள், கூட்டாளி குலாம் முகமது. பிரிவினை வந்தது. குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதி மந்திரியானார், பின்னால் கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே பெயர்ப் பலகையில் முகமது போய் இன்னொரு மஹிந்திரா ஏறியது. கே.சி. மஹிந்திரா போர்க்காலத்தில் வாஷிங்டனில் இந்தியாவுக்குச் சாமான் வாங்கும் பணியில் இருந்தவர். அங்கே அவருக்குப் பழக்கமானவர் வில்லிஸின் அதே பார்னி ரூஸ். அந்தப் பழக்கத்தில் 1940களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்புகள் பாகம் பாகமாக வந்து மஸகானில் பூட்டப்பட்டன. ஆரம்பத்தில் ஸ்டியரிங் இடது பக்கம். பின்னால் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதிய ஜீப்புகளைப் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

நம் ஊர்களில் நிலைத்தது 'சி.ஜே. 3பி' என்ற மாதிரி. இன்ஜின் உயரம் கூடிப்போனதால் பானட்டைத் தூக்கி வைத்த, நெற்றி மேடான வண்டி. அமெரிக்காவில் 1968ல் அதை நிறுத்திவிட்டார்கள். இங்கே அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் ஓடியது. பெட்ரோல் விலை ஏற, டிராக்டர் வழியில் வந்த டீசல் இன்ஜின் ஏறியது, பிறகு பிரெஞ்சுக்காரரின் பெஜோ டீசல் ஏறியது. யூனியன் ஆபீஸ் ஜீப் என்றால் அந்தக் காலத்தில் அதற்கு ஒரு தனி அந்தஸ்து. சேர்மன் ஜீப் தெருவில் திரும்பினாலே கூட்டம் கூடும். முன் சீட்டில் உட்காருவது யார் என்பதில் சண்டையே வந்திருக்கிறது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அரசாங்கத்தில் 'கண்டம்' ஆன ஜீப் ஏலத்துக்கு வரும். எங்கள் பக்கத்தில் அதை எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் மலை ஆட்கள். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டு, அதைத் தாண்டி இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்கள். விடியற்காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போக ஜீப்பை விட்டால் அன்று வேறு வண்டி கிடையாது. (அளவுக்கு மேல் அடைத்துக்கொண்டு போய் விபத்தானதும் உண்டு. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.) ஏலத்தில் எடுத்த ஜீப் பட்டறைக்குப் போகும். பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு மேட்டடார் வேனின் டீசல் இன்ஜினை ஏற்றுவார்கள். மவுண்டிங் ஒத்துவராது, லேத்தில் கொடுத்துக் கடைந்து மாட்டுவார்கள். பட்டைகளைக் கூட்டுவார்கள். பின்பக்கத்தை ஒரு முழம் நீட்டுவார்கள். துருப்பிடித்த தரைத்தகட்டுக்கு டார் டிரம்மை வெட்டி விரித்து டிங்கரிங் செய்வார்கள். நாங்கள் ஏலம் விட்ட வண்டி ஒன்றை நாலைந்து வருஷம் கழித்துப் போடியில் பார்த்தேன். நம்பரை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. என்னப்பா, இதில் பழையது என்ன மிச்சம் என்று கேட்டேன். "முன்னாடி ஏழு ஓட்டை இருக்குல்ல சார், அது அப்படியேதான் இருக்கு" என்றார் ஓட்டி வந்தவர்.

அவருக்கு அது வேடிக்கைப் பேச்சு. ஆனால் அமெரிக்காவில் கோர்ட்டு வரை போன விஷயம் அதுதான். 2018ல் மஹிந்திரா தன் பழைய ஜீப் வம்சத்தில் 'ரோக்ஸார்' என்று ஒரு வண்டியை மிச்சிகனில் பூட்டி விற்கத் தொடங்கியது. ரோட்டில் ஓட்ட அல்ல, பண்ணையிலும் காட்டிலும் ஓட்ட. அதற்குள் ஜீப் என்ற பெயர் வில்லிஸிடமிருந்து கைசர், ஏ.எம்.சி., கிரைஸ்லர் என்று கைமாறி ஃபியட் கிரைஸ்லரிடம் இருந்தது. இது எங்கள் ஜீப்பின் உருவம் என்று அவர்கள் அமெரிக்கச் சர்வதேச வர்த்தக ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். ரோக்ஸாரின் முகப்பில் ஐந்து துளைதான். தப்பவில்லை. பெட்டி போன்ற உடம்பு, தட்டையான பக்கங்கள் இவையெல்லாம் சேர்ந்து ஜீப்பின் தோற்றமே என்று முடிவாகி, 2020 ஜூனில் அந்த வடிவத்துக்குத் தடை வந்தது. மஹிந்திரா முகத்தை மாற்ற வேண்டியதாயிற்று. வழக்கு அதற்கப்புறமும் இழுத்தது. முறையாக லைசென்ஸ் வாங்கி, கற்றுக்கொடுத்தவனே கைவிட்ட பிறகும் அந்த வடிவத்தை விடாமல் செய்துவந்தவன், தாய்வீட்டுக்குப் போனபோது உன் முகம் எங்கள் முகம் மாதிரி இருக்கிறது என்று வாசலில் நிறுத்தப்பட்டான். சட்டம் தன் கணக்கில் சரியாக இருக்கலாம். எனக்கு அது ஜீரணிக்கவில்லை.

இப்போது நம் விதிக்கு வருகிறேன். வண்டியை இஷ்டப்படி மாற்றக் கூடாது, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. ரோட்டில் போகிறவர்களின் பாதுகாப்பு என்ற வகையில் நான் அதற்கு மறுப்பு சொல்ல மாட்டேன். என் பேச்சு விண்டேஜ் பட்டியலைப் பற்றி மட்டும். அந்தப் பட்டியலில் யார் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கொட்டகையில் மூடி வைக்க இடமும் காசும் இருந்தவர் வண்டி வரும். ஐம்பது வருஷம் மலை ஏறி இறங்கி, மூன்று இன்ஜின் மாற்றி, வெட்டி ஒட்டிப் பிழைத்த வண்டி வராது. பிறந்ததே மூன்று கம்பெனிச் சாமானில் பிறந்த ஒரு வண்டிக்கு மேட்டடார் இன்ஜினை ஏற்றினால் வம்சம் கெட்டுவிட்டது என்பது எனக்கு விளங்கவில்லை. மாற்றத்தை எழுதி வைத்து, எந்த வருஷம் என்ன ஏறியது என்று சொல்ல முடிகிற வண்டிகளுக்காவது அந்தப் பட்டியலில் ஒரு தனிப் பத்தி கொடுக்கலாம்.

எழுதி வைக்கும் பழக்கம் நம்மிடம் இருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. யூனியன் ஆபீசில் ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு லாக் புக், ஒரு பழுதுபார்ப்புப் பதிவேடு உண்டு. கிளட்ச் பிளேட் மாற்றியது, ரேடியேட்டர் பற்றவைத்தது, எந்தப் பட்டறை, எத்தனை ரூபாய், எந்தக் கிலோமீட்டரில் என்று வரிசையாக இருக்கும். எங்கள் ஆபீஸ் பதிவேட்டில் பல வருஷம் என் கையெழுத்துதான். வண்டி ஏலம் போனால் பதிவேடு ரெக்கார்டு ரூமுக்குப் போகும், காலக்கெடு முடிந்ததும் பழைய காகிதத்தோடு எடைக்குப் போகும். 2023 ஏப்ரல் முதல் 15 வருஷம் தாண்டிய அரசாங்க வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது, நேரே உடைப்புக்குத்தான். எந்த ஆபீஸ் ஷெட்டிலாவது ஒரு பழைய ஜீப் ஓரமாக நின்றிருந்தால் அதுவும் போயிருக்கும்.

உங்களில் ஒன்றியத்திலோ, ரெவின்யூவிலோ, சுகாதாரத் துறையிலோ வேலை பார்த்தவர்கள் யாரிடமாவது அப்படி ஒரு பதிவேடு கிடந்தால், நாலு பக்கம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எடைக்குப் போடாமல் வைத்திருங்கள். எனக்கு ஒரு வார்த்தை எழுதினால் நானே வந்து பார்த்து நகல் எடுத்துக்கொள்கிறேன்.